உப்பும் முட்டைக்கோஸும் கைப்பக்குவமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட உணவில் சேருபவை இரண்டே பொருள்கள்: முட்டைக்கோஸ், உப்பு. தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸில் உப்பைப் பிசறி, ஜாடியில் அழுத்தி வைத்தால் அதிலிருந்தே நீர் ஊறிவரும். அந்த நீருக்குள் அமிழ்ந்து கிடந்து, சில வாரங்களில் அது புளித்துவிடும். ஜெர்மானியர்களுக்கு இது சாவர்கிராட். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஷுக்ரூத். போலந்துக்காரர்களும் ரஷ்யர்களும் செர்பியர்களும் தத்தம் மொழியில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

பொருள் இரண்டே என்றால் எல்லார் வீட்டிலும் ருசி ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருப்பதில்லை. அந்த ஊர்களில் யாரைக் கேட்டாலும், தன் பாட்டி போட்டதைப்போல் இன்னொருத்தர் போட்டதில்லை என்றுதான் சொல்வார்கள். சொந்தபந்தத்தின் மீதுள்ள பாசத்தால் அப்படிச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடத் தோன்றும். நுண்ணுயிரியல் படித்தவன், பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் சொல்வது உண்மை. ஒரே தோட்டத்து முட்டைக்கோஸை இரண்டு வீட்டில் போட்டால் இரண்டு ருசிதான் வரும். சீவும் கனம், உப்பின் அளவு, நிலவறையின் குளிர்ச்சி, திறக்கும் நாள் எல்லாமே அதைத் தீர்மானிக்கின்றன. இந்த அளவுகளை எந்த வீடும் எழுதி வைத்ததில்லை. ஆண்டுக்கு ஒருநாள் எல்லாருமாகக் கூடிச் செய்யும் வேலைக்குள் அவை பொதிந்து கிடந்தன. பெரியவர் செய்வதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றார்கள். அந்த வேலையைப் பற்றியும், அதற்குள் ஒளிந்திருக்கும் அறிவைப் பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அந்த நாளைப் பார்ப்போம். மத்திய ஐரோப்பாவில் அக்டோபர் மாதம் முட்டைக்கோஸ் அறுவடை. முதல் உறைபனி விழுந்து கரைந்த பிறகு காய் இன்னும் இனிக்கும் என்று குடியானவர்கள் காத்திருப்பார்கள். அதில் விஷயம் உண்டு. குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னுள் சர்க்கரையைச் சேர்க்கிறது. அந்தச் சர்க்கரைதான் பிறகு அமிலமாக மாறப்போகிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குத் தெற்கே ஃபில்டர் என்றொரு சமவெளி இருக்கிறது. அங்கே விளையும் முட்டைக்கோஸ் உருண்டையாக இருக்காது. கூம்புபோல உச்சி கூர்ந்திருக்கும். இலை மென்மையானது, நரம்பு தடிக்காதது, சீவினால் பட்டுநூல்போல் விழும். அந்த வட்டாரத்து லைன்ஃபெல்டன்-எக்டர்டிங்கன் ஊரில் ஒவ்வோர் அக்டோபரிலும் முட்டைக்கோஸுக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். ரைன் ஆற்றைத் தாண்டி அல்சாஸுக்குப் போனால், ஸ்ட்ராஸ்பூர் அருகிலுள்ள கிராட்டர்கெர்ஷைம் என்ற சிற்றூர் தன்னை ஷுக்ரூத்தின் தலைநகர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதை ஒரே மூச்சில் போட்டாக வேண்டும். அது நாலைந்து காய் விஷயமில்லை, வண்டிப் பாரம். கத்தியால் அரிந்தால் மாளாது. அதனால் ஒரு கருவி வந்தது: நீளமான பலகை, நடுவில் சாய்வாகப் பதித்த பிளேடுகள், மேலே முட்டைக்கோஸை வைத்துத் தள்ளுவதற்கு ஒரு மரப்பெட்டி. பெட்டியை முன்னும் பின்னும் இழுக்க இழுக்கக் கீழே சீவல் மலைபோல் குவியும். இந்தச் சீவுபலகையைச் செய்வதும் சாணை பிடிப்பதும் பழகிய கைக்கே வரும். ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியில் மோன்டஃபோன் என்ற மலைப் பள்ளத்தாக்கு. நிலம் குறைவு, பிழைப்பு கடினம். அங்கிருந்த ஆண்கள் இலையுதிர் காலத்தில் சீவுபலகையை முதுகில் கட்டிக்கொண்டு ஜெர்மனிப் பக்கம் இறங்கிப் போவார்கள். வீடுவீடாக நின்று முட்டைக்கோஸ் சீவிக் கொடுத்துக் கூலி வாங்கி, பனி இறுகுவதற்குள் ஊர் திரும்புவார்கள். ஒரே ஆள் ஆண்டுதோறும் அதே வீடுகளுக்கு வருவதால், எந்த வீட்டுக்கு எவ்வளவு மெல்லிசாக வேண்டும் என்பது அவருக்கே மனப்பாடம். இந்த மோன்டஃபோன் சீவுகாரர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்டான மரியாதை இன்னும் குறையவில்லை. ஒரு தேசத்தின் குளிர்கால உணவில் அவர்கள் கைவேலை கலந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருடைய பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

சீவியாயிற்று. அடுத்தது உப்பு. பீப்பாயில் ஓர் அடுக்குச் சீவல், அதன்மேல் ஒரு கை உப்பு, மீண்டும் சீவல். ஒவ்வோர் அடுக்கையும் மரத்தால் செய்த உலக்கையால் இடிக்க வேண்டும். நொறுங்கிவிடக் கூடாது, நீர் கசிந்துவர வேண்டும், அவ்வளவுதான். போலந்தின் கிராமங்களில் காலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு பீப்பாய்க்குள் இறங்கி மிதிப்பார்கள். பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அந்த வேலை விழும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சீவலை அள்ளிப் போட, மூத்த பெண்மணி உப்பையும் பெருஞ்சீரகம்போன்ற காரவே விதையையும் தூவுவார். உப்புக் கையை அவர் யாருக்கும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரஷ்யாவில் இதே வேலைக்குத் திருநாள்கள் எல்லை வகுத்தன. செப்டம்பர் கடைசியில் வரும் சிலுவைத் திருநாளில் தொடங்கி, அக்டோபர் 14-ல் வரும் போக்ரோவ் திருநாள் வரை, பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி முட்டைக்கோஸ் வெட்டுவார்கள். மரத் தொட்டியில் காயைக் கொட்டி, பிறைவடிவக் கத்தியால் கொத்துவார்கள். கன்னிப் பெண்கள் நல்ல உடையில் வருவார்கள். பாட்டும் பலகாரமும் உண்டு. பெண் பார்க்க வந்த இளைஞர்களும் வாசலில் நிற்பார்கள். கேரட் துருவலும் கிரான்பெரிப் பழமும் சேர்ப்பது அவர்கள் வழக்கம். நடுத்தண்டைக் கத்தியால் எடுத்துக் குழந்தைகளுக்குத் தருவார்கள். வெள்ளையாக, மொறுமொறுவென்று, இனிப்பாக இருக்கும் அந்தத் தண்டுக்காகவே பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்களாம். ரஷ்யர்களிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள், இந்தத் தண்டு எங்காவது வந்துவிடும். வேலையைப் பிள்ளைகள் கற்றது இப்படித்தான். யாரும் உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. தண்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

இப்போது மூடியை மூடிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முட்டைக்கோஸ் இலையில் லட்சக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு உதவாதவை. காற்றில் வாழ்ந்து காயை அழுக வைப்பவை. நமக்கு வேண்டிய லாக்டிக் அமில பாக்டீரியா அங்கே மிகச் சிறுபான்மை. உப்பு விழுந்ததும் நிலைமை மாறுகிறது. செல்களிலிருந்து சர்க்கரை கலந்த நீர் வெளியே வருகிறது. அழுக வைக்கும் கூட்டத்துக்கு உப்பும் காற்றில்லாமையும் ஒத்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில் முதலில் தலையெடுப்பது லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்டெஸ் என்ற பாக்டீரியா. அது லாக்டிக் அமிலம், கொஞ்சம் அசிட்டிக் அமிலம், நிறையக் கரியமில வாயு ஆகியவற்றை உண்டாக்குகிறது. முதல் சில நாட்களில் ஜாடி நுரைத்துப் பொங்குவது இந்த வாயுவால்தான். வாயு மேலெழுந்து, இடுக்குகளில் மிச்சமிருந்த காற்றையும் வெளியே தள்ளிவிடுகிறது. அமிலம் ஏறியதும் லூக்கோனோஸ்டாக்குக்கே அங்கே இருக்க முடியாமல் போகிறது. பிறகு லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ், அதற்குப் பின் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்று அமிலத்தை மேலும் மேலும் தாங்கக்கூடியவை முறைவைத்து வருகின்றன. கடைசியில் அமில அளவு ஒன்றரை முதல் இரண்டு சதவீதத்தில் நிற்கும். அதற்குமேல் அங்கே கெட்டுப்போக எதுவுமில்லை, மாதக்கணக்கில் இருக்கும்.

இந்த வரிசையை ஆண்டாண்டாக ஆராய்ந்தவர் கார்ல் பெடர்சன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா என்ற ஊரில் உள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அவரும் ஆல்பரி என்ற சக ஆய்வாளரும் சேர்ந்து 1969-ல் வெளியிட்ட சாவர்கிராட் நொதித்தல் பற்றிய அறிக்கையைத்தான் இன்றும் இந்தத் துறையில் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள். உப்பு எடையில் இரண்டேகால் சதவீதம், வெப்பம் 18 டிகிரி செல்சியஸ் அருகில் என்றால் மணமும் மொறுமொறுப்பும் சிறப்பாக அமைகின்றன என்பது அந்த ஆய்வுகளின் சாரம்.

அதே ஜெனீவா ஆய்வு நிலையத்திலிருந்து 1965-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் முகர்ஜி, ஆல்பரி, பெடர்சன், வான் வீன், ஸ்டைன்கிராஸ். பொருள், நம் இட்லி. இட்லி மாவைப் பொங்கவைப்பது எது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்டெஸ். சாவர்கிராட் பீப்பாயில் முதலில் நுரைக்கும் அதே பாக்டீரியா. சாவர்கிராட்டை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த கைகளே நம் மாவையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தன. உளுந்தின்மேல் இருந்து வருவதும் முட்டைக்கோஸ் இலையின்மேல் இருந்து வருவதும் ஒரே இனம். அங்கே அதன் வாயு காற்றை விரட்டிக் காயைக் காக்கிறது. இங்கே அதே வாயு மாவுக்குள் தங்கி இட்லியைப் பூப்போல உப்பவைக்கிறது. இரண்டு இடத்திலும் யாரும் உறை ஊற்றுவதில்லை. உப்பும் ஈரமும் கிடைத்தால் அது தானே வந்துவிடும். ஃபில்டர் சமவெளிக் குடியானவருக்கும் கும்பகோணத்தில் மாவரைக்கும் பெண்மணிக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். இங்கேயும் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு விதிகளுக்கு வருவோம். நான் மிகவும் மதிப்பது இவற்றைத்தான்.

உப்புக் கையை மூத்தவர் விட்டுக்கொடுப்பதில்லை என்றேன். உப்பு குறைந்தால் காய் குழைந்துபோகும். அழுக வைப்பவை முந்திக்கொள்ளும். மூன்றரை சதவீதத்தைத் தாண்டினால் லாக்டிக் பாக்டீரியா பின்வாங்கும், இளஞ்சிவப்பு நிறம் தரும் ஈஸ்ட் வளரும், பீப்பாய் முழுவதும் ரோஜா நிறமாகிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை குறுகியது. தராசில்லாமல், கைப்பிடியால், ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பாதையில் நடந்தவர் அந்தப் பாட்டி. ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டில் எண்ணாகச் சொன்னதை அவர் கை அதற்கு முன்பே அறிந்திருந்தது.

அடுத்து, மேலே வைக்கும் கல். காய் மிதக்காமல் உப்புநீருக்குள்ளேயே அழுந்திக் கிடக்க, மரப்பலகை வைத்து அதன்மேல் கல்லை ஏற்றுவார்கள். எந்தக் கல்லையும் எடுத்து வைத்துவிட மாட்டார்கள். ஆற்றில் உருண்ட கெட்டியான கருங்கல் வகைதான்; சுண்ணாம்புக்கல்லை ஒதுக்கிவிடுவார்கள். சுண்ணாம்பு அமிலத்தில் கரையும், புளிப்பைத் தின்றுவிடும். வேதியியல் தெரியாமலே தேர்ந்த கல் அது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வீட்டோடு சேர்ந்து அந்தக் கல்லும் போகும்.

பிறகு, மேலே விரிக்கும் துணி. வாரம் ஒருமுறை அதை எடுத்து அலசி, பலகையையும் கல்லையும் கழுவி, மேலே படர்ந்த வெள்ளை ஏட்டை வழித்தெடுத்துவிட்டு மீண்டும் வேடு கட்ட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்த வெள்ளை ஏடு ஒருவகை ஈஸ்ட். அதற்குத் தீனி லாக்டிக் அமிலமே. விட்டுவைத்தால் புளிப்புக் குறையும்; புளிப்புக் குறைந்தால் பாதுகாப்பும் குறையும்; மேலடுக்கு கொழகொழத்துப் போகும். பல வீடுகளில் இதைச் சனிக்கிழமை வேலை என்று வைத்திருந்தார்கள். நாள் குறித்துவிட்டால் மறக்காது.

ரஷ்ய வீடுகளில் முதல் வாரம் தினமும் ஒரு மரக்குச்சியால் அடிவரை குத்துவார்கள். வாயு வெளியேறாவிட்டால் கசப்பு தங்கிவிடும் என்பார்கள். செர்பியாவில் வேறு மாதிரி. அங்கே முழுக் காயாகவே பீப்பாயில் போடுவார்கள். அந்த இலையில்தான் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டி சர்மா செய்ய வேண்டும். முழுக் காய்க்குள் உப்பு ஒரே சீராகப் போய்ச் சேராது. ஆகவே பீப்பாயின் அடியிலுள்ள குழாயைத் திறந்து உப்புநீரைப் பிடித்து, மறுபடி மேலே ஊற்றுவார்கள். அடிக்கும் மேலுக்கும் உப்பு சமமாகும். அறிவியல் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் தேவைப்படும். அங்கே வீட்டுப் பையன் ஒருவனின் காலை வேலை இது.

எல்லா விதிக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வளர்பிறையில் போட்டால்தான் மொறுமொறுப்பு நிற்கும் என்று ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் பலர் இன்றும் பார்க்கிறார்கள். நிலவுக்கும் பீப்பாய்க்கும் தொடர்பு கிடையாது. போன ஆண்டு உப்புநீரில் கொஞ்சம் ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும் என்று சில வீட்டார் செய்வது உண்மையிலேயே கெடுதல். பழைய நீரில் இருப்பவை கடைசியில் வர வேண்டிய பாக்டீரியா. அவை முதலிலேயே புகுந்துவிட்டால் லூக்கோனோஸ்டாக்குக்கு இடமில்லை; புளிப்பு இருக்கும், மணம் இருக்காது. பெடர்சன் காலத்து ஆய்வுகளே இதைச் சொல்லிவிட்டன. இப்படித் தவறாகிப்போன விதிகளைச் சொல்லிவிட்டால், மிச்சமிருப்பவற்றை இன்னும் மதிப்போடு பார்க்கலாம்.

கடற்பயணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்ததுதான். 1768-ல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் எண்டெவர் கப்பலில் புறப்பட்டபோது 7,860 பவுண்டு சாவர்கிராட் ஏற்றினார்கள். அதாவது மூன்றரை டன். வைட்டமின் சி குறைவால் ஈறு அழுகி மாலுமிகள் சாகும் ஸ்கர்வி நோய்க்கு அது மருந்தாகலாம் என்று நம்பினார்கள். மாலுமிகள் தொட மறுத்தார்கள். குக் கட்டளை போடவில்லை. அதிகாரிகளின் மேசையில் மட்டும் தினமும் பரிமாறச் செய்து, மற்றவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்குள் எல்லாரும் கேட்கத் தொடங்கி, அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்கர்வியைத் தடுத்த பெருமை முழுவதும் இந்தப் பீப்பாய்களுக்கே என்று சொல்லிவிட முடியாது. கரை கண்ட இடமெல்லாம் குக் பச்சைக் கீரைகளைப் பறித்து வரச் செய்தார். அதற்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் கணக்கு இடிக்கவில்லை. நூறு கிராம் சாவர்கிராட்டில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஸ்கர்வி வராமல் தடுக்க நாளொன்றுக்குப் பத்து போதும். ஐரோப்பியக் குளிர்காலத்தில், பச்சை என்று கண்ணில் படாத நாலைந்து மாதங்களில், ஏழைக் குடும்பங்களின் ஈறையும் எலும்பையும் காத்ததில் நிலவறைப் பீப்பாய்க்கு நிச்சயம் பங்குண்டு.

குக் கண்டுகொண்ட உத்தி எந்தத் தாய்க்கும் தெரிந்ததுதான். பெரியவர்கள் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் பிள்ளை தானே கை நீட்டும். திருநாள் மேசைகள் செய்ததும் அதுவே. போலந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இறைச்சி இல்லாத விருந்தில், புளித்த முட்டைக்கோஸும் உலர்ந்த காளானும் பூரணமாக வைத்த பியெரோகி கொழுக்கட்டை வரும். ஸ்லோவாக்கியாவில் அதே இரவில் கபுஸ்த்னித்சா என்ற சூப். ஒவ்வொரு வீட்டிலும் சேர்மானம் வேறு. புது மருமகள் பிறந்த வீட்டுச் சூப்பை வைப்பதா, புகுந்த வீட்டுச் சூப்பை வைப்பதா என்ற பேச்சு அங்கேயும் எழத்தான் செய்யும். ருமேனியாவில் கிறிஸ்துமஸ் என்றால் புளித்த முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சர்மாலே. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய வம்சத்தார் புத்தாண்டு அன்று பன்றி இறைச்சியையும் சாவர்கிராட்டையும் சேர்த்துச் சமைப்பார்கள். கோழி பின்னால் கிளறும், பன்றி முன்னால் கிண்டும். ஆகவே ஆண்டின் முதல் நாள் முன்னேறுகிற பிராணியைச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரி நாடானபோது, அமெரிக்கக் கடைகள் 1918-ல் அதற்கு லிபர்ட்டி கேபேஜ் என்று பெயர் மாற்றி விற்றுப் பார்த்தன. அந்தப் பெயர் போருக்குப் பின் மறைந்தது. புத்தாண்டு வழக்கம் இன்றும் நிற்கிறது.

நிற்காமல் போனது எது? நிலவறையும் பீப்பாயும். நகரத்து அடுக்குமாடி வீட்டில் குளிர்ந்த நிலவறைக்கு இடமில்லை. கதகதப்பாக்கிய அறையில் பீப்பாய் சீக்கிரம் புளித்துக் குழைந்துவிடும். தொழிற்சாலையில் புளிக்கவைத்துச் சூடாக்கி டப்பாவில் அடைத்தது கடையில் மலிவாகக் கிடைக்கிறது. சூடாக்குவதால் பாக்டீரியா இறந்துவிடுகிறது. நாள்பட இருக்கும் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. வெஸ்டர்வால்ட் வட்டாரத்தில் உப்பு மெருகிட்டுச் சுட்ட சாம்பல் நிறக் கல்ஜாடிகளும், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ரெட் விங் ஊரில் செய்த பெரிய ஜாடிகளும் பல வீடுகளில் குடை செருகும் சாடியாக வாசலில் நிற்கின்றன. அண்மைக் காலத்தில் இளையவர்கள் கண்ணாடிப் பாட்டிலில் மறுபடி போடத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும். பாட்டிலில் போடுவது தனியாள் வேலை. அரைமணியில் முடிந்துவிடும், பக்கத்தில் நின்று பார்க்க யாருமில்லை. செய்முறை கைமாறுகிறது, உப்புக் கை கைமாறுவதில்லை. கொரியாவில் ஊரோடு கூடி, காய்கறியைப் புளிக்கவைத்துக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, அவர்கள் சேர்த்தது பண்டத்தை இல்லை, கூடிச் செய்வதை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒருநாள், இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து, பத்து இருபது கிலோ போடுங்கள் என்று ஐரோப்பிய நண்பர்களிடம் நான் சொல்வதும் அதனால்தான்.

நம்மூரில் போட முடியுமா என்று முன்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர் கூட்டம் தொடங்குமுன்பே கேட்டார். முடியும். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்குச் சிரமமே இல்லை. காயும் அங்கேயே விளைகிறது, குளிரும் கச்சிதம். சென்னையில் போடுவதானால் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோடையில் 32 டிகிரிக்கு மேல் போனால் முதல் பாக்டீரியாவின் ஆட்டம் வெகு சீக்கிரம் முடிந்துவிடும். எட்டுப் பத்து நாளில் புளித்துவிடும். ஆனால் வெறும் புளிப்பாக இருக்கும்.

கெட்டியான, கனமான காயாகப் பாருங்கள். வெளி இலையை நீக்கி, ஒரு நல்ல இலையை முழுதாக எடுத்து வையுங்கள். நடுத்தண்டைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். மெல்லிசாகச் சீவி நிறுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 25 கிராம் கல்லுப்பு. கைப்பழக்கம் வரும் வரை தராசை நம்புங்கள். பத்து நிமிடம் கையால் பிசைந்தால் நீர் விடும். பீங்கான் ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அழுத்துங்கள். எடுத்து வைத்த இலையை மேலே மூடி, கொதிநீரில் போட்டெடுத்த கருங்கல்லை அதன்மேல் வைத்து, நீர் காய்க்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். ஜாடியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், பொங்கும். வேடு கட்டி, தண்ணீர்த் தாம்பாளத்தில் ஜாடியை நிறுத்தி, சுற்றிலும் ஈரத்துணி போர்த்துங்கள். மண்பானை நீரைக் குளிரவைக்கும் அதே ஆவியாதல் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துத் தரும். ஐந்தாம் நாளிலிருந்து ருசி பாருங்கள். உங்களுக்குப் பிடித்த புளிப்பு வந்ததும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அங்கே மெதுவாக இன்னும் பக்குவப்படும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயைப்போல் அளவோடு சாப்பிட வேண்டும்.

ஜாடி காலியானதும் அடியில் நிற்கும் உப்புநீரைக் கொட்டிவிடாதீர்கள். போலந்தின் தத்ரா மலை அடிவாரத்தில் குவாஷ்னீத்சா என்று ஒரு சூப் வைப்பார்கள்; புளித்த முட்டைக்கோஸும் அதன் நீரும்தான் அதற்குப் புளிப்பு. நீங்களும் உருளைக்கிழங்குச் சூப்பில் அந்த நீரைச் சேர்த்துப் பாருங்கள். கிழங்கு நன்றாக வெந்த பிறகே ஊற்ற வேண்டும்; முதலிலேயே ஊற்றினால், காய் வேகுமுன் புளி கரைத்து விட்ட சாம்பாரில் நடப்பதுபோல, கிழங்கு எவ்வளவு கொதித்தாலும் மசியாது. உப்பை ருசி பார்த்துப் போடுங்கள், நீரிலேயே இருக்கும்.